கண்ணாடி அடுப்பு

எங்கள் சீன உணவகத்தில் இரண்டு அடுப்பு. ஒன்று கண்ணாடிக்கு நேர் எதிரில், சாப்பிடுகிறவர்கள் பார்க்கிற மாதிரி. இன்னொன்று சோறு வேகும் பாத்திரங்களுக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி. பத்து வருடமாகக் கண்ணாடி அடுப்பு என்னுடையது. அதை விட்டுப் பின்னால் போய் நிற்கும்படி முதலாளி சொன்னது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நான் இஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தபோது.

"கோச்சுக்காதீங்கக்கா. வியாழக்கிழமை மத்தியானம் மட்டும்தான்" என்றார்.

விஷயம் இதுதான். எங்கள் பகுதியில் அசல் சீனச் சாப்பாடு எங்கே, அசல் கொரியச் சாப்பாடு எங்கே என்று ஒரு கணவனும் மனைவியும் தெருத் தெருவாகத் தேடிச் சாப்பிட்டுப் பட்டியல் போடுகிறார்கள். அதைக் கைபேசியில் பார்த்துவிட்டுத்தான் பாதி ஊர் வெளியே சாப்பிடவே கிளம்புகிறது. போன மாதம் சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் கடைக்கும் வந்திருக்கிறார்கள். மீன் பிரமாதம் என்றார்களாம். அப்புறம் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துவிட்டு, "சமைக்கிறது நம்ம ஆளா?" என்று முகத்தைச் சுளித்திருக்கிறார்கள். முதலாளி கொஞ்சமும் வாய் கூசாமல், சமையல்காரர் மீனைச் செய்துவிட்டு இப்போதுதான் வெளியே போனார், அந்த அம்மா காய் நறுக்குகிறவர் என்று சொல்லிவிட்டார். அதை நம்பி, அந்தச் சமையல்காரரைப் பார்க்கத்தான் மறுபடி வருகிறார்கள்.

"அப்ப கண்ணாடிக்கு முன்னால யார் நிக்கப் போறா, தம்பி?"

என்னைவிடப் பத்து வயது சின்னவர். முதலாளியானாலும் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். அவர் பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் பார்த்தார்.

அங்கே மலைக்காரர் கை நிறைய நுரையோடு நின்றுகொண்டிருந்தார். எங்கேயோ தொலைதூரத்து மலையிலிருந்து வந்தவர், நாற்பது வயது, தங்கமான மனிதர். சீனாவுக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. முட்டை உடைக்கச் சொன்னால் ஓடு கிண்ணத்தில் விழும், கரு தரையில் விழும். ஆனால் முதலாளிக்கு வேண்டியது அவருடைய முகவெட்டு மட்டும்தான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலக்கா. தொப்பியே வாங்கிட்டு வந்துட்டாரு" என்றார் மலைக்காரர், முதலாளி போன பிறகு.

எனக்கு அந்த அடுப்பு சும்மா கிடைக்கவில்லை. இந்தக் கடை முன்பு ஒரு சீனத் தம்பதியுடையது. அவர்களிடம் எட்டு வருடம் காய் நறுக்கினேன். அந்த மனிதர் யாருக்கும் எதையும் சொல்லித் தருகிற ஆள் இல்லை. குழம்பு ஊற்றும்போது முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வார். அடுப்புக்கு மேலே இருந்த எவர்சில்வர் புகைக்கூண்டில் அவர் கை அப்படியே தெரிகிறது என்பது பாவம், அவருக்குத் தெரியாது. ஒரு நாள் அவருக்குத் தோள்பட்டை பிசகிவிட்டது. கடை நிறையக் கூட்டம். நான் யாரையும் கேட்கவில்லை, வாணலியைத் தூக்கினேன். ஒரு வாய் எடுத்துப் பார்த்துவிட்டு அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். அன்றிலிருந்து அடுப்பு என்னுடையது. கடை கைமாறியபோதும் அடுப்பு கைமாறவில்லை.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். "ஒரு மத்தியானந்தானே. பின்னால நின்னா கை தேஞ்சா போயிடும்?" என்றார்.

"உங்க பஸ்ஸ நீங்க தரையில உக்காந்து ஓட்டுங்க, பார்க்க லட்சணமா இருக்கற ஒருத்தர் சீட்ல உக்காந்து ஹாரன் அடிக்கட்டும்னு சொன்னா சும்மா இருப்பீங்களா?"

மகள் களுக்கென்று சிரித்துவிட்டாள்.

இவ்வளவு வாய் பேசுகிற நான் வியாழக்கிழமை ஒழுங்காகப் போய்ப் பின்னால் நின்றேன். அதையும் சொல்லிவிடுகிறேன், மறைப்பானேன். வேலை போய்விடுமோ என்ற பயம்தான். முதலாளி இரண்டு அடுப்புக்கும் நடுவே ஒரு மூங்கில் தட்டியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். முன்னால் மலைக்காரர், தலையில் வெள்ளைத் தொப்பி, கையில் காலி வாணலி, அதில் நாலு துண்டு முட்டைக்கோஸ். அடுப்பைப் பெரிதாக எரியவிட்டுப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவருக்குக் கட்டளை.

அவர்கள் வந்தார்கள். மனைவி கையில் நோட்டு, கணவர் கையில் கேமரா. மீன், பூண்டு போட்ட கீரை, டோஃபு கேட்டார்கள். நான் மீனை ஆவியில் வைத்து, சரியாக எட்டு நிமிடத்தில் இறக்கி, மேலே இஞ்சியும் வெங்காயத்தாளும் தூவி, புகைகிற எண்ணெயை ஊற்றினேன். அது சொய்யென்று சத்தம் போட்டபோது தட்டிக்கு அடியில் தட்டைத் தள்ளினேன். மலைக்காரர் எடுத்து நீட்டினார்.

மேசையிலிருந்து அந்த அம்மாவின் குரல் கேட்டது.

"பாத்தீங்களா அந்தக் கைய? இதெல்லாம் ரத்தத்துல வரணும். நம்ம ஆளுங்க தலைகீழா நின்னாலும் வராது."

ஆவியில் வெந்த மீன் தட்டில் இருக்கிறது. எதிரே ஒரு மனிதர் முட்டைக்கோஸைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்பதுகூடத் தெரியாதவர்கள் அசல் எது, போலி எது என்று தீர்ப்புச் சொல்ல வந்திருக்கிறார்கள். இவ்வளவுதான் எனக்குத் தோன்றியது. பயம் எங்கே போனது என்றே தெரியவில்லை. அடுப்பை அணைத்தேன். மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய், அவர்களுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தேன்.

பரிமாறும் பெண் பேயறைந்தவள் மாதிரி வந்து நின்றாள். "என்னக்கா?"

"ஒரு மீன். சீக்கிரம் வேணும்மா, பசிக்குது."

கீரை வரவில்லை. டோஃபுவும் வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முட்டைக்கோஸ் கரிந்து புகை கிளம்பியது. மலைக்காரர் என்னைப் பார்த்தார். அடுப்பை அணைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கண்ணாடி ஓரம் வைத்துவிட்டு, நேரே தொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்தார். 

முதலாளி கையைப் பிசைந்துகொண்டு ஓடி வந்தார். "அக்கா, உள்ள வாங்க. அப்புறம் பேசிக்கலாம்."

"நான் சாப்பிட வந்திருக்கேன் தம்பி. சமையல்காரர்தான் முன்னாடி நிக்கறாரே."

"என்ன நடக்குது இங்க?" என்று கேட்டார் அந்த அம்மா.

"நீங்க இப்ப சாப்பிட்டது நான் செஞ்ச மீன். போன மாசம் சாப்பிட்டதும் நான் செஞ்சதுதான். அவரு பாத்திரம் கழுவறவரு. அவரு தலையில தொப்பி, உங்க காதுல பூ."

அந்த அம்மா தன் கணவரைப் பார்த்தார். கணவர் கேமராவைக் கீழே வைத்தார். "ருசியில ஒண்ணும் குறை சொல்லலைங்க" என்று இழுத்தார் அந்த அம்மா. "ஆனா நாங்க தேடறது அசல்..."

"தட்டைப் பாருங்க. முள்ளு மட்டும்தான் இருக்கு. அசலா இல்லையான்னு உங்க நாக்கு சொல்லிடுச்சு. இப்ப எதுக்கு என் மூஞ்சியப் பாத்து மறுபடி கேக்கறீங்க?"

அக்கம்பக்கத்து மேசைகளில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. ஆறு மேசைக்கு இன்னும் சாப்பாடு போகவில்லை. முதலாளி என் முகத்தைப் பார்த்தார்.

"தட்டியக் கழட்டுங்க தம்பி. சமைக்கறேன்."

அவரே நாற்காலி மேல் ஏறி முடிச்சை அவிழ்த்தார். நான் உள்ளே போய்க் கண்ணாடி அடுப்பைப் பற்றவைத்தேன். கீரை, டோஃபு, காத்திருந்த ஆறு மேசைக்கும் வேண்டியது, எல்லாம் எல்லாருடைய கண்ணுக்கும் எதிரே. அவர்கள் மேசைக்கு நானே கொண்டுபோய் வைத்தேன். கோபத்தோடு உட்கார்ந்திருந்தாலும் இரண்டு பேரும் மிச்சம் வைக்கவில்லை.

கிளம்பும்போது அந்த அம்மா நோட்டைத் திறந்தார். கடைப் பெயர், தெரு, என்னென்ன சாப்பிட்டோம் என்று வரிசையாக எழுதியவர், 'சமையல்' என்று போட்டிருந்த இடத்தில் பேனாவை நிறுத்தினார்.

"அத விட்டுடுங்க மேடம், கடை பேரு போதும்" என்றார் முதலாளி.

"விடக் கூடாது" என்றேன்.

"பட்டியல்ல போடுவோமான்னே இன்னும் முடிவு பண்ணலைங்க" என்றார் அந்த அம்மா.

"போடறதும் போடாததும் உங்க இஷ்டம். போட்டா என் பேரோட போடுங்க. எழுதுங்க, சொல்றேன்."

முதலில் என் அப்பாவின் முதலெழுத்து, அப்புறம் என் பெயர், நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். அவர் கடைசி எழுத்து வரை எழுதி முடிக்கும்வரை அந்த மேசையை விட்டு நகரவில்லை.