பதினோராவது பெயர்

“கொண்டாடறதுக்கும் நினைவுகூர்றதுக்கும் என்னக்கா வித்தியாசம்?” நகராட்சிக்குப் புதிதாக வந்த எழுத்தர் பெண் ஒருமுறை நிகாசியாவிடம் இப்படிக் கேட்டாள். சுரங்கம் சரிந்த நாளுக்கான அழைப்பிதழில் ‘கொண்டாட்டம்’ என்று அச்சடித்துவிட்டு வந்து நின்றாள் அவள்.

“கொண்டாட யார் வேணா வரலாம். நினைவுகூர்றதுக்குப் பேர் தெரிஞ்சிருக்கணும்,” என்று சொல்லி, நிகாசியா அந்த வார்த்தையை அடித்துத் திருத்திக் கொடுத்தாள்.

அன்று சுரங்கத்தில் செத்தவர்களின் பெயர்களை இருபத்திரண்டு வருடமாக வாசிப்பவள் அவள்தான். ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் சுரங்கத் தொழிலாளர் சங்கக் கட்டடத்தின் முன் நின்று ஒவ்வொருவராகக் கூப்பிடுவாள். கூட்டம் “இருக்கார்” என்று பதில் சொல்லும். மொத்தம் பதினொரு பேர். கடைசிப் பெயர் அவள் அண்ணன் கசிமிரோ. அங்கே வரும்போது அவள் குரல் இறங்கும். அதற்கும் சேர்த்து ஊர் உரக்கச் சொல்லும்.

இந்த வருடம் அந்த நாளுக்கு முந்தின நாள் மதியம், கசிமிரோ அவள் வாசலில் வந்து நின்றான். தலை நரைத்திருந்தது, முன்பல் இரண்டைக் காணோம். நிகாசியா அவன் முகத்தை இரண்டு கையாலும் தொட்டுப் பார்த்தாள். பிறகு உட்காரவைத்து உருளைக்கிழங்கு சூப் ஊற்றினாள். குடித்துக்கொண்டே அவன் சொன்னான்.

சுரங்கம் சரிந்த அன்றைக்குப் போதை தெளியாமல் கிடந்திருக்கிறான். தெற்கிலிருந்து வேலை தேடி வந்திருந்த எலோய் சோக்கே, சுரங்கத்துக்குள் போகிறவர் அடையாளத்துக்கு எடுத்துப்போகும் எண் வில்லைகளில் கசிமிரோவுடையதை எடுத்துக்கொண்டு அவனுக்குப் பதிலாக இறங்கியிருக்கிறான். உடல்கள் மேலே வரவேயில்லை. வாசல் பலகைக்குத் திரும்பி வராத வில்லைகளை வைத்துத்தான் செத்தவர் பெயரை எழுதினார்கள். வெட்கத்தில் கசிமிரோ அர்ஜென்டினாவுக்கு ஓடிவிட்டான்.

“ஒரு கடுதாசி போட்டிருக்கலாம்ல.”

“செத்தப்புறந்தான் இந்த ஊர்ல எனக்கு நல்ல பேரு, நிக்கா.”

அவளையும் மீறிச் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை.

“எலோய் பேரை ஒருத்தரும் கூப்பிடலையே. ஒரே ஒரு தடவை கூப்பிடு.”

நிகாசியா கிண்ணத்தைக் கழுவப் போய்விட்டாள். கூப்பிட்டால், ஊரே மரியாதை செய்த அண்ணன் போய், குடித்துக் கிடந்து ஓடிப்போனவன்தான் மிஞ்சுவான். அவளுக்கென்று இருந்த பெருமை அது ஒன்றுதான்.

மறுநாள் பத்துப் பெயர்கள் வழக்கம்போல் போயின. அவள் தாளை மடித்தாள்.

“எலோய் சோக்கே.”

யாரும் பதில் சொல்லவில்லை. மூன்றாவதாகக் கூப்பிட்ட பெயருக்குரியவரின் உறவுக்காரி பெத்ரோனா, “அண்ணன் பேரே மறந்துடுச்சா? கண்ணாடியை மாத்துடி,” என்றாள். நாலு பேர் சிரித்தார்கள்.

நிகாசியா மறுபடி கூப்பிட்டாள்.

“இருக்கார்,” என்று பின்னாலிருந்து உடைந்த குரல் ஒன்று வந்தது. கூட்டம் திரும்பியது. ஒரு காலத்தில் கார்னிவல் திருவிழாவில் கசிமிரோவோடு ஆடியவள்தான் பெத்ரோனா. இருந்தும் அடையாளம் தெரியச் சற்று நேரமானது. தெரிந்ததும் கையிலிருந்த பூங்கொத்து தாழ்ந்தது.

“என் அண்ணன் உசுரோட இருக்கான்,” என்றாள் நிகாசியா. “அவனுக்குப் பதிலாப் போனவர் எலோய். இத்தனை வருஷமா அவரை நாம கூப்பிடவே இல்ல.”

மூன்றாம் முறை அவள் கூப்பிட்டபோது பெத்ரோனாவின் குரல்தான் முதலில் எழுந்தது. பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

கசிமிரோ தொப்பியை மார்போடு பிடித்தபடி நின்றான். தங்கையை ஒருமுறை பார்த்தான். கூட்டம் விலகி வழிவிட, வந்த காரியம் முடிந்தவனாகப் பேருந்து நிற்கும் மேட்டை நோக்கி நடந்தான்.