இரண்டு பெருநாளும் ஒரு டிரான்ஸ்பார்மரும்

மெஹராஜுக்கு அன்று காலையிலிருந்து கால் ஓயவில்லை. எங்கே நடந்தாள் என்று கேட்கிறீர்களா, பிள்ளைகளா? ஒரு டிரான்ஸ்பார்மரைச் சுற்றித்தான்.

அறுபத்து மூன்றாம் வருஷம். தாராவியில் தகரக்கூரை போட்ட பட்டறை. நடுவே இடுப்பு உயரத்துக்கு, மூன்று சுருளோடு அது நின்றது. ஒரு பக்கம் அவள் காக்கா என்று கூப்பிடும் அண்ணன் ஹமீது, மறுபக்கம் அவள் புருஷன் அபுதாஹிர். கம்பி எரிந்துபோன டிரான்ஸ்பார்மர்களுக்குப் புதுக்கம்பி சுற்றித் தருவது அவர்களுடைய கூட்டுத் தொழில். ஆனால் நோன்புப் பெருநாளிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை.

சண்டை பிறையால் வந்தது. பம்பாயில் பிறை தெரிந்துவிட்டது என்று ஹமீது பெருநாள் கொண்டாடினார். ஊரில், காயல்பட்டினத்தில், தெரியவில்லை என்று தந்தி வந்ததால் அபுதாஹிர் அன்றைக்கும் நோன்பு பிடித்தார். நோன்பாளியின் மூக்குக்கு நேரே பிரியாணிச் சட்டியைத் திறந்தாரே என்று அபுதாஹிருக்குக் கோபம். பெருநாளும் அதுவுமாக முகம் கொடுத்துப் பேசவில்லையே என்று ஹமீதுக்குக் கோபம்.

"இந்த வேலை முடிஞ்சதும் என் மீட்டரைத் தூக்கிக்கிட்டு செம்பூர்ல தனிக்கடை போட்டுருவேன்" என்று ஹமீது சொல்லிவிட்டார். சொன்னது தங்கையிடம். சொன்ன சத்தம் அபுதாஹிருக்கு.

அண்ணனும் புருஷனும் ஒரே கூரைக்குக் கீழே இருந்ததால்தான் பம்பாய் அவளுக்கு ஊராக இருந்தது. அது உடைந்துவிடுமோ என்று பயந்தாள். இரண்டு பேர் தலையையும் சேர்த்து முட்டவைக்கலாமா என்றும் கை துறுதுறுத்தது.

சோதனை என்னவோ லேசானதுதான். ஒவ்வொரு சுருளிலும் ஒரு பக்கம் கரண்ட் கொடுத்தால் மறுபக்கம் அதில் நாலில் ஒரு பங்கு வோல்ட் வரவேண்டும். வந்தால் சுற்றுக் கணக்கு சரி. ஆனால் இரண்டு பக்கத்து மீட்டரையும் ஒரே கணத்தில் பார்க்கவேண்டும். பக்கத்துச் சக்கி, அதாவது மாவு மில், ஓடினால் தெருவுக்கே வோல்ட் இறங்கும், நின்றால் ஏறும். இரண்டு மீட்டரையும் ஒரே பலகையில் வையுங்கள் என்று அவள் கெஞ்சிப் பார்த்தாள். ஒருத்தர் வைத்தால் மற்றவர் தன்னுடையதை எடுத்துக்கொண்டார்.

"புள்ள, இருநூத்திருவதுன்னு சொல்லு அவர்ட்ட" என்றார் ஹமீது.

மெஹராஜ் சுற்றிக்கொண்டு போனாள். "மச்சான், காக்கா இருநூத்திருவதுங்குறாங்க. ஒங்களுக்கு எவ்வளவு?"

அபுதாஹிர் கண்ணாடியைத் துடைத்து, மாட்டி, குனிந்தார். அதற்குள் சக்கி ஓடத் தொடங்கிவிட்டது. "அம்பத்தொண்ணு."

"கணக்கு நாலுக்கு மேல போவுதே!" ஹமீது சுவரைப் பார்த்துச் சொன்னார். "அந்த மீட்டர் பழசு. அதைச் சொல்லு."

"மீட்டர் புதுசுதான், பார்க்கிற கண்ணுதான் பழசு. இதையும் போய்ச் சொல்லு."

மறுபடி ஹமீது பக்கம் இருநூற்றெட்டு. அவள் போய்ச் சேர்வதற்குள் சக்கி நின்று, அபுதாஹிர் பக்கம் ஐம்பத்தாறு.

டிரான்ஸ்பார்மரை வாங்கிப்போக செம்பூர்த் தொழிற்சாலையிலிருந்து வந்த சுந்தரராமன் ஸ்டூலை விட்டு எழுந்தார். மாட்டுங்காவில் குடியிருக்கும் தமிழர், பொறுமைசாலிதான். அவருக்கே தாங்கவில்லை. "என்ன பாய் இது? ஒரு தடவை நாலுக்கு மேலங்கறேள், ஒரு தடவை கீழங்கறேள். வெளியில லாரி நிக்கறது. உங்களால ஆகலேன்னா வேற பட்டறைக்கு எடுத்துண்டு போறேன்."

மெஹராஜ் நின்றுவிட்டாள். "காக்கா, மச்சான், ரெண்டு பேரும் கேட்டுக்கோங்க. இனி நான் ஒரு எட்டு வைக்கமாட்டேன். அங்க குழம்பு அடிப்பிடிச்சு நாறுது. அல்லாஹ் எனக்குக் குடுத்த ரெண்டு காலுல ஒண்ணை அண்ணனுக்கும் ஒண்ணைப் புருஷனுக்கும் எழுதி வைக்கல. டெஸ்ட் பண்ணுங்க, இல்ல லாரியில ஏத்துங்க!"

பட்டறையையும் வீட்டையும் பிரிக்கும் திரையைத் தள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். சுந்தரராமன் தொண்டையைக் கனைத்தார்.

"பார்க்குதீரா?" ஹமீது கூரையைக் கேட்டார்.

"யாரை?"

"மீட்டரைத்தான். ஒம்ம மூஞ்சியையா பார்க்கச் சொன்னேன்?"

"சொல்லுங்க, பார்க்கேன்."

"இப்போ! இருநூத்துப் பதினாறு."

"அம்பத்து நாலு."

சரியாக நாலில் ஒன்று. இரண்டாவது சுருளும் அப்படியே. மூன்றாவதில் இருநூற்றிருபதுக்கு ஐம்பத்து மூன்றுதான் வந்தது. சக்கி ஓடும்போது பார்த்தார்கள், நின்றபோது பார்த்தார்கள். வோல்ட் ஏறி இறங்கியது, குறைச்சல் மட்டும் மாறவில்லை. பழி சக்கியின்மேலும் இல்லை, மீட்டரின்மேலும் இல்லை. சுருளிலேயே சுற்று குறைகிறது.

ஹமீது பெருநாள் கொண்டாடிய அன்று அந்தச் சுருளின் பாதியைச் சுற்றியவர் நோன்போடு இருந்த அபுதாஹிர். மறுநாள் அவர் பெருநாளுக்குப் போய்விட, மீதியைச் சுற்றியவர் ஹமீது. எவ்வளவு ஆயிற்று என்று இவர் சொல்லவுமில்லை, அவர் கேட்கவுமில்லை. நிரம்பாத ஓர் அடுக்கை நிரம்பியதாக நினைத்து ஹமீது மேலே சுற்றிவிட்டார்.

"வாய் இருக்குல்ல, கேட்டா என்ன?" என்றார் அபுதாஹிர்.

"ஒமக்கும்தான் இருக்கு, சொன்னா என்ன?"

திரைக்குப் பின்னால் மெஹராஜ் அகப்பையால் தன் நெற்றியில் தட்டிக்கொண்டாள்.

ஹமீது சுந்தரராமன் பக்கம் திரும்பினார். "சார், ரெண்டு சுருள் சரி. மூணாவது தப்பு, எங்க தப்புதான். நாளைக்குச் சாயங்காலம் தாறோம்."

"இதைக் காலம்பறவே சொல்லப்படாதா? ரெண்டு நல்லாருக்கேன்னு பார்க்கறேன். நாளைக்குச் சாயங்காலம், அவ்வளவுதான்." அவர் லாரியைத் திருப்பிக்கொண்டு போனார்.

அவள் டீ கொண்டுவந்தபோது ஒருவர் சுருளைத் திருப்ப, மற்றவர் கம்பியை உருவிக்கொண்டிருந்தார்.

"அப்போ செம்பூருக் கடை, காக்கா?"

"இதைச் சுத்தி முடிக்காம எங்க போக? நாளைக்கு டெஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் ஆரு பார்ப்பா?"

"அதுக்கு அப்புறம்?"

ஹமீது சுருளின் பக்கம் குனிந்தார். "கையை ஆட்டாதீரும் மச்சான், கணக்கு போச்சு!"

"நீங்க பேசினதுலதான் போச்சு!"

"புள்ள, நீயே சொல்லு, ஆராலே போச்சு?"

"திரும்பவும் என்னைத்தானா?" அவள் இழுத்த வேகத்தில் திரை கம்பியோடு கழன்று கையில் வந்துவிட்டது.

"அதையும் நாங்கதான் மாட்டணுமா?" என்றார் அபுதாஹிர்.

"ஆமா. ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சு மாட்டுங்க" என்று அதை அவர்கள்மேல் போட்டுவிட்டு, அடிப்பிடித்த சட்டியைச் சுரண்டப் போனாள்.