நூற்றுப்பத்து நாள் ஃப்ளோட்

எங்கள் படுக்கையறை அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த தாளில் என் குடல் ஐம்பத்து மூன்றாவது வரியில் இருந்தது. ஐம்பத்திரண்டு, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி கழுவுதல். ஐம்பத்து நான்கு, பழைய பேப்பர் போடுதல். இரண்டுக்கும் நடுவில், 'அவர் - ஹெர்னியா ஆபரேஷன். கால அளவு: மூன்று நாள். ஃப்ளோட்: நூற்றுப்பத்து நாள்.' குளித்துவிட்டுத் துண்டு எடுக்க வந்தவன், துண்டை மறந்து, தரையெல்லாம் சொட்டச் சொட்ட நின்று அதை மூன்று முறை படித்தேன். கால அளவு புரிந்தது. ஆபரேஷன் என்பதும் புரிந்தது. ஃப்ளோட்தான் புரியவில்லை.

தாள் என் மனைவியுடையது. ரயில் பாதைக்கு மேலே பாலம் கட்டும் ஒரு கம்பெனியில் அவள் அட்டவணை போடுகிறவள். எந்த வேலை எப்போது தொடங்க வேண்டும், எது முடிந்தால் எதைத் தொடலாம் என்று நாலாயிரம் வேலைகளைக் கம்ப்யூட்டரில் கோத்து வைத்திருக்கிறாள். ஆபீசில் அவளுக்குப் பெயரே தேதி மேடம்தான். ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டு வேலைகளையும் அதே மாதிரி கோத்து, ஒரு தாள் அச்சடித்து ஒட்டிவிடுவாள். யாரிடம் எந்த வேலை சொன்னாலும் மூன்று கணக்கு கேட்காமல் விடமாட்டாள். எல்லாம் நல்லபடியாக நடந்தால் எவ்வளவு நேரம், சாதாரணமாக எவ்வளவு, எல்லாமே சொதப்பினால் எவ்வளவு. ஒருமுறை குழாய் ரிப்பேர்க்காரர் இந்த மூன்றாவது கேள்வியைக் கேட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு போனவர்தான், இன்றுவரை எங்கள் தெருப்பக்கம் வரவில்லை.

நான் பழைய சோபாக்களுக்குப் புது உடம்பு கொடுக்கிறவன். ஃபோம் மாற்றுவது, ரெக்சின் தைப்பது, ஸ்பிரிங் கட்டுவது. பட்டறையில் எனக்குத் துணை என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி. பத்தொன்பது மாதத்துக்கு முன்னால் மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்றை மாடிப்படியில் இறக்கும்போது, மச்சான் தும்மினான். சோபாவின் மொத்தப் பாரமும் என் பக்கம் வந்தது. அன்று இடுப்புக்குக் கீழே எலுமிச்சை அளவில் ஒன்று எட்டிப் பார்த்தது. படுத்தால் உள்ளே போகும், எழுந்தால் வெளியே வரும். டாக்டர், "அவசரமில்ல, ஆனா விட்டு வைக்காதீங்க" என்றார். அந்த வாக்கியத்தின் முதல் பாதியை மட்டும் நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மனைவி கேட்கும்போதெல்லாம், "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

துண்டைக் கட்டிக்கொண்டு மகளிடம் போனேன். பதினேழு வயது, அம்மாவின் மூளை அப்படியே வந்திருக்கிறது.

"ஃப்ளோட்னா என்னம்மா?"

"ஒரு வேலைய எத்தனை நாள் தள்ளிப் போட்டாலும் யாருக்கும் ஒண்ணும் ஆகாதோ, அதுதான்ப்பா ஃப்ளோட்" என்றாள், தலை நிமிராமல். "ஃப்ளோட்டே இல்லாத வேலைங்க வரிசையா இருக்கும். அதுல ஒண்ணு ஒரு நாள் தள்ளினா எல்லாமே ஒரு நாள் தள்ளும். அது கிரிட்டிக்கல் பாத்."

"நான் அதுல இல்லையா?"

"நீங்களா?" அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. "தண்ணி டேங்கே உங்களுக்கு முன்னாடிப்பா. அதுக்கு அம்பத்து மூணு நாள்தான்."

சுருக்கென்றது. இருபது வருடக் குடும்ப வாழ்க்கையில் ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கிறேன் என்று அன்றுதான் தெரிந்தது. பட்டறையில் அன்று தைத்த தையல் எல்லாம் கோணல். மச்சானிடம் சொன்னேன். "பேப்பருக்கு முன்னாடிதான மாமா அக்கா போட்டிருக்கா, விடுங்க" என்று ஆறுதல் சொன்னான்.

மாலையில் மனைவியிடம் நேராகவே கேட்டேன். "நான் கிரிட்டிக்கல் பாத்துக்கு வரணும்னா என்ன செய்யணும்?"

வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே யோசித்தாள். வேலை சம்பந்தமான கேள்விக்கு அவள் சிரிக்கமாட்டாள். "உங்களுக்கு அப்புறம் ஏதாவது வேலை காத்திருக்கணும். நீங்க முடிஞ்சாதான் அது ஆரம்பிக்கும்னு இருக்கணும். அது டிபென்டென்சி. இப்போ உங்கள நம்பி என்ன வேலை நிக்குது, சொல்லுங்க."

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், ஒரு விரல்கூட மடங்கவில்லை. அந்த அவமானத்தில் இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆனால் மறுநாள் எனக்கு மூளை வேலை செய்தது. பழைய பேப்பர் கட்டு கனமானது, ஹெர்னியாவோடு தூக்கக் கூடாது, ஆகவே ஆபரேஷனுக்குப் பிறகுதான் பேப்பர் போட முடியும் என்று மகளிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கணினியில் ஒரு கோடு இழுத்தாள். ஃப்ளோட் எண்பதாகக் குறைந்தது. உச்சி குளிர்ந்துபோனது எனக்கு. அடுத்த வாரம், மகளின் பரீட்சைக்கு முன் மாடி அறைக்கு ஏற்ற வேண்டிய இரும்புக் கட்டிலை என் பின்னால் கட்டினேன். நாற்பத்தொன்று. அதற்கடுத்து என் கண் தண்ணீர்த் தொட்டி மேல் விழுந்தது. இத்தனை நாள் எனக்கு முன்னால் நின்ற அதே தொட்டி.

"டேங்க நான் கழுவித் தரேன் மாமா" என்று மச்சான் குறுக்கே வந்தான். அவனைப் பேசாமல் மொட்டைமாடிக்கு அழைத்துப்போய்த் தொட்டியின் வாயைக் காட்டினேன். அவன் தலை போனது, தோள் போனது, தொப்பையில் நின்றது. கொஞ்ச நேரம் கால் இரண்டும் ஆகாயத்தில் இருந்தன. இழுத்து வெளியே போட்டேன். எங்கள் குடும்பத்தில் அந்தத் தொட்டிக்குள் இறங்கக்கூடிய ஒரே ஆம்பிளை நான்தான் என்பது அன்று நிரூபணமானது.

மகள் கணக்குப் போட்டாள். ஆபரேஷன் மூன்று நாள். அதன் பிறகு ஒரு மாதம் பாரம் தூக்கவோ ஏறி இறங்கவோ கூடாது. "இதுக்குப் பேர் லேக். கான்கிரீட் போட்டுட்டு இறுகுற வரைக்கும் சும்மா இருப்பாங்கல்ல, அந்த மாதிரி. யாரும் வேலை செய்யமாட்டாங்க, ஆனா வேலை நடக்கும்." நான் கான்கிரீட் ஆனது எனக்குப் பிடித்திருந்தது. இதற்குள் இரண்டு வாரம் போயிருந்ததால் தொட்டிக்கு மீதி முப்பத்தொன்பது நாள்தான். அதில் முப்பத்து மூன்று கழிந்தது. திரையில் என் வரி பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறியது. ஃப்ளோட்: ஆறு நாள்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி அந்தச் சிவப்பைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். திரும்பி வந்து, "வெள்ளிக்கிழமை காலையில ஆபரேஷன். டாக்டர்கிட்ட அந்த ஒரு தேதிதான் இருக்கு" என்றாள்.

நான் எதிர்பார்த்தது மரியாதை. வந்தது தேதி.

"இந்த வாரம்தான் கர்டர் ஏத்துறோம்" என்று அவளே தொடர்ந்தாள். கர்டர் என்றால் பாலத்தின் முதுகெலும்பு போன்ற நீள உத்திரம். "புதன்கிழமை ரயில நாலு மணி நேரம் நிறுத்தித் தராங்க. அத விட்டா மூணு மாசம். சனி வரைக்கும் என்னால நகர முடியாது. தம்பி உங்க கூட இருப்பான்."

"நீ வரமாட்டியா?"

"வரணும்னுதான் பாலம் முடியறதுக்கு அப்புறம் பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்திருந்தேன். மூணு வருஷத்துல முதல் லீவு. அந்தப் பத்து நாளத் தாண்டி ஆபரேஷன் போகக் கூடாதுன்னு கடைசித் தேதி போட்டேன். அதுலேர்ந்து கணக்குப் போட்டா நூத்திப்பத்து வந்துச்சு." போனைக் கீழே வைத்தாள். "நீங்க நல்லாத்தான் இருக்குன்னு சொன்னத நம்பித்தான் அவ்வளவு தூரம் தள்ளினேன். இவ்வளவு அவசரம்னா என்கிட்டயே சொல்லியிருக்கலாமே."

அந்த நூற்றுப்பத்து நாள் எனக்காக அவள் ஒதுக்கி வைத்த இடம். அதை நானே பேப்பர் கட்டையும் கட்டிலையும் வைத்து நெருக்கி, அவளால் வர முடியாத ஒரே வாரத்துக்கு இழுத்து வந்துவிட்டேன். சொந்தச் செலவில் சூனியம். "தம்பி இருந்தா போதும், நீ பாலத்தப் பாரு" என்று வீரமாகச் சொன்னேன். உண்மை வேறு. எனக்குப் பயம். கத்திக்குப் பயம், மயக்க மருந்துக்குப் பயம், திரும்பி விழிக்கும்போது எதிரில் மச்சான் முகம் இருக்கும் என்பதற்கும் பயம். அவள் பக்கத்தில் இல்லாமல் அந்த அறைக்குள் போக என்னால் முடியாது. பத்தொன்பது மாதமாக 'ஒண்ணுமில்ல' என்று சொன்னதற்கும் காரணம் இந்தப் பயம்தான். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அதனால் வேறு வழி யோசித்தேன். ஆபரேஷனுக்குப் பின்னால் மூன்று வேலைகள் காத்திருப்பதால்தானே அவசரம்? அந்த மூன்றையும் இப்போதே முடித்துவிட்டால் எனக்குப் பின்னால் எதுவும் நிற்காது. ஃப்ளோட் பழையபடி வந்துவிடும். அவள் லீவும் இருக்கும். கட்டின வரிசையிலேயே பிரித்துவிடலாம் என்று தோன்றியது. இந்தத் திட்டத்தில் இருந்த ஓட்டையை மச்சான்கூடக் கண்டுபிடித்தான். "ஆபரேஷன் பண்ணாம செய்யக் கூடாதுன்னு சொன்ன வேலையத்தான மாமா இப்போ செய்யப் போறீங்க?" என்றான். வாயை மூடச் சொன்னேன்.

திங்கட்கிழமை பேப்பர் கட்டுகளைத் தூக்கிப்போய்க் கடையில் போட்டேன். எலுமிச்சை கொஞ்சம் பெரிதானது. செவ்வாய்க்கிழமை கட்டிலை மாடிக்கு ஏற்றினோம். அன்று படுத்த பிறகும் அது உள்ளே போக வெகுநேரம் அடம்பிடித்தது. புதன்கிழமை அவள் விடியும் முன்பே பாலத்துக்குப் போய்விட்டாள். நான் வாளியும் பிரஷ்ஷுமாகத் தொட்டிக்குள் இறங்கினேன்.

தொட்டிக்குள் என் குரல் எனக்கே கம்பீரமாகக் கேட்டது. சுவரைத் தேய்த்து, சேற்றை வழித்து, வாளி வாளியாக மேலே தூக்கிக் கொடுத்தேன். மச்சான் வாங்கி ஊற்றினான். எட்டாவது வாளியைத் தலைக்கு மேல் தூக்கியபோது உள்ளே ஏதோ இறுகியது. வாளி நழுவி என் மேலேயே கொட்டியது. கீழே கை வைத்துப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. சேற்றில் படுத்துப் பார்த்தேன், அமுக்கிப் பார்த்தேன், அது அசையவில்லை. வலி வந்த வேகத்தில் வாந்தியும் வந்தது.

"மாமா, என்னாச்சு?" மேலே வட்டமாகத் தெரிந்த வானத்தில் மச்சானின் முகம்.

"ஒண்ணுமில்ல" என்றேன் பழக்கதோஷத்தில். பிறகு, "அக்காவக் கூப்பிடுடா மாப்ள" என்றேன்.

அவன் எப்படி என்னை வெளியே எடுத்தான் என்று சொன்னால் எனக்கும் மரியாதையில்லை, அவனுக்கும் இல்லை. ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர், குடல் மாட்டிக்கொண்டது, உடனே அறுக்க வேண்டும், காத்திருக்க நேரமில்லை என்றார். கடைசியில் என் ஃப்ளோட் பூஜ்யமாகிவிட்டது. ஆசைப்பட்ட இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டேன், ஆனால் பெருமைப்படும் நிலையில் இல்லை. மணி பதினொன்றரை. பதினொன்றிலிருந்து மூன்று வரை ரயிலை நிறுத்தியிருப்பார்கள். அவள் வரமாட்டாள், வரவும் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லச் சொல்லக் கண்ணீர் முட்டியது.

என் ஈரச் சட்டையை நர்ஸ் கழற்றிக்கொண்டிருந்தபோது நடைபாதையில் பூட்ஸ் சத்தம் கேட்டது. ஆரஞ்சு நிற மேல்சட்டை, தலையில் மஞ்சள் ஹெல்மெட், முழங்கால் வரை மண். ஹெல்மெட்டைக் கழற்ற அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை.

"கர்டர்?" என்றேன். அதுதான் வாயில் வந்தது.

"தொங்குது."

"எங்க?"

"பாதி வழியில. ஜூனியர் பையன்கிட்ட அட்டவணையக் கொடுத்துட்டு வந்தேன்." என் நெற்றியில் ஒட்டியிருந்த சேற்றை விரலால் வழித்தாள். "டேங்குக்குள்ள எதுக்கு எறங்கினீங்க?"

"நீ இல்லாம பயமா இருந்துச்சு" என்றேன். இத்தனை மாதம் வராத வாக்கியம், நர்ஸ் பக்கத்தில் நிற்கும்போது சாதாரணமாக வந்துவிட்டது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஹெல்மெட்டின் விளிம்பு அவள் கண்ணை மறைத்தது.

டாக்டர் கையுறையோடு வந்தார். அவள் அவர் பக்கம் திரும்பியதும் எனக்குப் பகீரென்றது. இந்த மனிதரும் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் என் கதி என்ன?

"எவ்வளவு நேரம் ஆகும் டாக்டர்?"

"உள்ள பார்த்தாத்தான்மா சொல்ல முடியும்."

இப்படிப் பதில் சொன்ன எத்தனையோ காண்டிராக்டர்களை அவள் அழ வைத்திருக்கிறாள். அந்த மூன்று கணக்குக்காக நான் காத்திருந்தேன்.

"சரி டாக்டர்" என்றாள்.

வண்டியைத் தள்ளினார்கள். அவள் வண்டியின் கம்பியைப் பிடித்தபடி கூடவே நடந்தாள். தரையில் போட்டிருந்த சிவப்புக் கோட்டருகே நர்ஸ், "நீங்க இதோட நிக்கணும்" என்று சொல்லி, என் சட்டையையும் செருப்பையும் அவள் கையில் திணித்தாள். கதவு மூடியது. கதவில் சின்னதாக ஒரு கண்ணாடி. அவளுடைய சட்டைப்பையில் போன் அடிப்பது உள்ளே வரை கேட்டது. நின்றது, மறுபடி அடித்தது. எடுக்க வேண்டுமானால் ஒரு கையாவது காலியாக வேண்டும். ஒரு கையில் சேறு சொட்டும் என் சட்டை, இன்னொரு கையில் என் செருப்பு. இரண்டையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவள் அங்கேயே நின்றாள்.