சைக்கிள் சீட்டுக்கு அடியில்

குடும்பத்தில் அவனுக்கு எட்டுக்கால் டாக்டர் என்று பெயர். பிழைப்பு என்னவோ ஏசி ரிப்பேர்தான். வெளிப்பெட்டிகளைக் கழற்றிக் கழற்றிச் சிலந்திகளோடு பழகிப்போனவன். சொந்தக்காரர் வீட்டில் எது தென்பட்டாலும் போட்டோ அவன் போனுக்கு வந்துவிடும். விஷமா இல்லையா என்று பட்டென்று சொல்லிவிடுவான். தெரியாது என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் பெயர் என்னாவது?

அன்று காலை அண்ணி அனுப்பிய படத்தில் மகளின் சைக்கிள் சீட்டுக்கு அடியில் ஒரு சிலந்தி. கறுத்த குண்டு வயிறு, தாறுமாறான வலை. வயிற்றின் அடிப்பக்கத்தில் சிவப்புக் குறி உண்டா என்று பார்க்காமல் இந்த மாதிரிச் சிலந்தியைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. ஊருக்கெல்லாம் அதை உபதேசம் செய்தவனே அவன்தான். ஆனால் படத்தில் முதுகுதான் தெரிந்தது. கூட வேலை பார்ப்பவர்களோ டீயும் கையுமாக அவன் போனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் செய்யாது, கொசுவைத் தின்னும், விட்டுவிடுங்கள் என்று அண்ணிக்குக் குரலிலேயே பதில் அனுப்பினான். ஒரே பார்வையில் எப்படிக் கண்டுபிடிக்கிறாய் என்று அவர்கள் கேட்டதில் அவனுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

மதியம் அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டான். போய்ப் பார்த்தால், அண்ணி வேர்த்துக் கொட்டிச் சுருண்டு கிடந்தாள். வயிறு பலகையாக இறுகியிருந்தது. வயிற்றைத் திறந்துதான் பார்க்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டரம்மா. ஏதாவது கடித்ததா என்றும் கேட்டார். சைக்கிளைத் தூக்கும்போது விரலில் சுருக்கென்றது, அங்கே ஒரு சிலந்தி இருந்தது என்றாள் அண்ணி.

"ஆனா அது விஷமில்லாததுங்க. எங்க தம்பி பாத்து சொல்லிட்டான். அவன் சொன்னா தப்பாது."

அண்ணனும் தலையாட்டினான். டாக்டரம்மா சிலந்தியை விட்டுவிட்டு ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்யச் சொன்னார். வாயைத் திறந்தால் இவன் மானம் போகும், மூடினால் அண்ணி வயிற்றைக் கிழிப்பார்கள். அந்த இடத்தில் நின்றுகொண்டும் யோசித்தான் பாருங்கள், அதைவிடக் கேவலம் வேறில்லை.

"நான் சரியா பாக்கலை டாக்டர்," என்றான் கடைசியில். "அடிப்பக்கம் பாக்காமலே சொல்லிட்டேன். விஷமுள்ளதா இருக்கலாம்."

ஓடிப்போய்ச் சிலந்தியைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வந்தான். புரட்டினால், உடுக்கை போலப் பளிச்சென்று சிவப்புக் குறி. ஆபரேஷன் நின்றது, வைத்தியம் மாறியது, மறுநாள் அண்ணி எழுந்து உட்கார்ந்தாள். அண்ணன் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை.

வீடு திரும்பிய அண்ணி செய்ததுதான் அதைவிடக் கொடுமை. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவன் புகழ் பாடினாள்.

"தம்பி மட்டும் அந்த நேரத்துல வாயத் திறக்கலேன்னா என் வயித்தக் கிழிச்சிருப்பாங்க."

கிண்டலில்லை, மனசாரத்தான் சொன்னாள். அவன் கூனிக் குறுகிப்போனான். தரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அண்ணன் எழுந்து வாசல் பக்கம் நடந்தான். வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் ஆவலாகத் தன் போனை நீட்டி, மாடிப்படியில் இருந்தது, இது எப்படி என்று கேட்டார். குண்டு வயிறு. இதிலும் முதுகு மட்டும்தான் தெரிந்தது. எல்லோரும் அவன் வாயையே பார்த்தார்கள்.

"தெரியலைங்க," என்றான்.

வாசலில் நின்ற அண்ணன் அப்போதுதான் அவனைத் திரும்பிப் பார்த்தான்.