தேங்கிய தண்ணீர்

வேகவைத்த கீரையை நகக்கண் அளவுக்கு நறுக்கி, ஒரு டப்பா மூடியில் எடுத்துக்கொண்டு ஒயர்மேன் கொல்லைக் கதவைத் திறந்தார். கூடத்தில் கிடத்தியிருந்த அவருடைய மனைவி டீச்சரைச் சுற்றி அக்கம்பக்கத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். விடிவதற்குச் சற்று முன்னால்தான் டீச்சரின் உயிர் பிரிந்திருந்தது. செத்த வீட்டில் புருஷன் கீரை நறுக்குகிறாரே என்று யாரும் கேட்கவில்லை. துக்கம் ஆளுக்கொரு விதமாக ஆட்டிவைக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

கீரை, தலைப்பிரட்டைகளுக்கு. டீச்சர் மூன்றாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தவள். நோய் முற்றி, பள்ளிக்கூடம் போக முடியாமல் ஆனதும், வகுப்பில் வளர்த்துக்கொண்டிருந்தவற்றைத் தொட்டியோடு வீட்டுக்கு வரவழைத்துவிட்டாள். கால் முளைத்துத் தவளையானதும் பிள்ளைகளிடம் திருப்பித் தருவதாகப் பேச்சு. அவள் படுத்த படுக்கையானபின் அது ஒயர்மேனின் வேலையாயிற்று. குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது, ஒரு நாள் முழுக்கத் திறந்துவைத்து மருந்து வாடை போனபிறகுதான் ஊற்ற வேண்டும் என்பதுவரை அவருக்கு அத்துப்படி.

நேற்று சாயங்காலம்கூட, "ஒண்ணுக்குப் பின்னங்கால் வந்துடுச்சு, டீச்சரம்மா" என்று கட்டிலருகே போய்ச் சொன்னார். வற்றிப்போன அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"நான் இருந்தாலும் இல்லாட்டியும் பசங்க கையில சேர்த்துடணும். வாக்குக் குடுத்திருக்கேன்."

"நீயே குடுப்ப."

"பொய் சொன்னா உங்க காது சிவந்துடுது" என்று சிரித்தாள். அதற்கப்புறம் அவள் சிரிக்கவில்லை.

கொல்லையில் தொட்டி இருந்த இடம் காலியாக இருந்தது. தண்ணீர் பிடித்துவைத்த வாளியையும் காணோம். இரண்டும் சுவரோரம் கவிழ்ந்து காய்ந்துகொண்டிருந்தன.

"நான்தான் தம்பி கவுத்தேன்" என்றாள் டீச்சரின் அக்கா. கையில் துடைப்பம். அழுது அழுது கண் இரண்டும் வீங்கிக் கோடாகியிருந்தன. "நாலு பேரு வந்து போற வீடு. எத்தனை நாளாத் தேங்கிக் கெடந்துச்சோ, பாசி புடிச்சு நாறுது. கண்ணு சரியாத் தெரியல, ஏதோ நெளிஞ்ச மாதிரி இருந்துச்சு. புழுதான், வேற என்ன? நீங்களும் பாவம், அவளைப் பாப்பீங்களா, இதைப் பாப்பீங்களா."

அக்காவுக்குக் கொசு ஒழிப்பில் வேலை. வீடு வீடாகப் போய், தேங்கிய தண்ணீரைக் கண்டால் கொட்டிக் கவிழ்ப்பதுதான் சம்பளத்துக்கான வேலை. தெருவே அவளைக் கொசுக்காரக்கா என்றுதான் கூப்பிடும். விருந்துக்குப் போன வீட்டில்கூடப் பூந்தொட்டித் தட்டைக் கவிழ்த்துவிட்டுத்தான் கை நனைப்பாள். தங்கை போனதிலிருந்து அவள் ஓரிடத்தில் உட்காரவில்லை. தோளில் தூக்கி வளர்த்த தங்கை. உட்கார்ந்தால் உடைந்துவிடுவோம் என்ற பயத்தில் வீட்டைக் கூட்டிக்கொண்டே இருந்தாள்.

ஒயர்மேன் அவள் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் இன்னொன்றைத் தாங்க இடமே இல்லை.

"நல்லதுக்கா" என்றார்.

அவள் உள்ளே போனதும் சாக்கடைத் துளையருகே குந்தினார். அதன் சல்லடையின் மேல் தலைப்பிரட்டைகள் கறுப்பாக ஒட்டிக்கிடந்தன. எறும்பு வந்திருந்தது. ஒன்றுக்கு வாலோரம் நூல்போல இரண்டு கால்கள். காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் வராத மனிதர், அதைப் பார்த்ததும் வாய்விட்டு அழுதார். சத்தம் கேட்டு ஓடிவந்த அக்கா அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "அழுங்க தம்பி, அழுதுடுங்க" என்றாள். அவர் சல்லடையை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டார்.

மதியத்துக்கு மேல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். கூடத்துச் சுவரில், டீச்சர் அவர்களுக்காக வரைந்து, கொண்டுபோக முடியாமல் போன படம் ஒட்டியிருந்தது. முட்டை, தலைப்பிரட்டை, கால் முளைத்தது, தவளை, மறுபடி முட்டை. அம்புக்குறிகள் வட்டமாகச் சுற்றின. பக்கத்தில் கடல், மேகம், மழை, மறுபடி கடல். 'இதுல ஒரு தவளையும் சாகலையே' என்று ஒயர்மேன் ஒருமுறை வம்புக்கிழுத்திருந்தார். 'மூணாம் வகுப்புக்கு இது போதும், போங்க' என்று விரட்டிவிட்டாள். வயர் எங்கே அறுந்தாலும் விளக்கு அணைந்துவிடும் என்பதுதான் அவர் படித்த வட்டம். அந்தப் படத்துக்குக் கீழேதான் அவள் கண்மூடிக் கிடந்தாள்.

பிள்ளைகளில் ஒருத்திக்கு டீச்சர் வைத்த பெயர் 'கேள்வி'. அவள் டீச்சரை வெகுநேரம் பார்த்துவிட்டு, ஒயர்மேனிடம் வந்து நின்றாள்.

"அங்கிள், எங்க தலைப்பிரட்டைக்குக் கால் வந்துடுச்சா?"

தண்ணீர்த் தம்ளர்களோடு வந்த அக்கா நின்றாள்.

"வந்துடுச்சும்மா."

"முன்னங்காலும்?"

"எல்லாம் வந்துடுச்சு. வாலும் போயிடுச்சு. நேத்தே தாவிப் போயிடுச்சுங்க."

"டீச்சர் பாத்தாங்களா?"

"பாத்தாங்க."

"வாளியில ஒரு நாள் வச்சிருந்த தண்ணியைத்தானே தொட்டியில ஊத்துனீங்க?"

"ஆமாம்மா."

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். அவர் பொருத்தமாகத்தான் சொன்னார். காதுகள்தான் இரண்டும் செக்கச்செவேல் என்றிருந்தன. தங்கை சொல்லிச் சொல்லிச் சிரிக்கும் அந்தக் காதுகளை அக்கா பார்த்தாள். கொல்லைக் கதவைப் பார்த்தாள். தம்ளர் தட்டைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் நீட்டினாள்.

வண்டி வந்தது. டீச்சரைக் கொண்டுபோனார்கள்.

எல்லாம் முடிந்து ஒயர்மேன் திரும்பியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வீட்டில் ஆட்களைக் காணோம். கொல்லைக் கதவு திறந்து கிடந்தது.

கொல்லையின் நடுவில், திறந்தவெளியில், தொட்டி நிமிர்ந்திருந்தது. விளிம்புவரை தண்ணீர். பக்கத்தில் வாளி, அதிலும் தண்ணீர். சாக்கடைச் சல்லடை கழுவியிருந்தது. அதையொட்டிய செடியின் வேரடியில் மண் புதிதாகக் கிளறி மூடியிருந்தது. அக்கா தொட்டியருகே தரையில் உட்கார்ந்திருந்தாள். அன்று அவள் உட்கார்ந்து அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"எந்தக் குட்டையில தவளை முட்டை கெடக்கும்னு எனக்குத் தெரியும் தம்பி" என்றாள், அவரைப் பார்க்காமல். "நாளைக்குப் போய் எடுத்துட்டு வரேன். அதுக்குள்ள இது மருந்து வாடை போயி ஆறிடும்ல?"

"ஆறிடும்க்கா."

காலையில் வைத்த டப்பா மூடி சுவர்மேல் அப்படியே இருந்தது. கீரை காய்ந்து ஒட்டிப்போயிருந்தது. அவரும் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கொசு ஒன்று தொட்டியைச் சுற்றிவந்து தண்ணீரின் மேல் உட்கார்ந்தது. அக்காவின் கை தொட்டி விளிம்புவரை போனது. பிறகு திரும்பி மடியில் வந்து விழுந்தது.