அரேஞ்ச்மென்ட் நோட்டு

துணைத் தலைமையாசிரியர் பூவராகவன் மங்கி குல்லாயைக் கூடக் கழற்றாமல் அரேஞ்ச்மென்ட் நோட்டைத் திறந்தார். எழுபத்தொன்பதாம் வருஷத்து ஜனவரி. பனியில் பஸ்கள் நகரவில்லை, பாதி ஆசிரியர்களுக்குக் காய்ச்சல். அன்று வராதவர்கள் ஐந்து பேர். நோட்டின் இடப்பக்கம் வராதவர் பெயர். வலப்பக்கம் அந்த நேரத்தில் ஓய்வாக இருந்து, அவருக்குப் பதிலாக வகுப்புக்குப் போகிறவர் பெயர். போகிறவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த நோட்டுக்குப் பயப்படாத ஆசிரியர் தில்லியில் எந்தத் தமிழ்ப் பள்ளிக்கூடத்திலும் கிடையாது, ஒருத்தியைத் தவிர.

பியூன் சுப்பையா நோட்டோடு வராந்தாவில் தலைகாட்டினால் போதும், சிலருக்குத் தலைவலி வந்துவிடும். சிலர் பாத்ரூம் பக்கம் நழுவுவார்கள். கணக்கு டீச்சர் அனந்தலக்ஷ்மி மட்டும் கையை நீட்டி வாங்கிக் கையெழுத்துப் போடுவாள். ஓய்வு நேரத்தில் திருத்த வைத்திருந்த நாற்பத்தெட்டு நோட்டுகளையும் சுமந்துகொண்டு யாருடைய வகுப்புக்கோ போவாள். போன இடத்தில் பிள்ளைகளைச் சும்மா உட்காரவும் விடமாட்டாள். அப்படி ஒரு பிறவி. மூன்று வருஷமாகப் பூவராகவனுக்கு அது வசதியாகப் போயிற்று. அவள் பெயரை எழுதினால் பேச்சு வராது.

அன்றும் பரபரவென்று எழுதி அனுப்பிவிட்டு டீ குடித்தார். முதல் மணி அடித்துக் கால் மணி நேரம் கழித்து சுப்பையா திரும்பி வந்தான்.

"சார், செவன் பி-க்கு அனந்தலக்ஷ்மி டீச்சர்னு போட்டிருக்கீங்க."

"ஆமாம்பா. கையெழுத்து வாங்கிண்டு வா, ஜல்தி."

"இன்னிக்கு லீவும் அவங்கதான் சார்."

பார்த்தார். இடப்பக்கமும் அவள் பெயர், வலப்பக்கமும் அவள் பெயர். காதெல்லாம் சூடாகிவிட்டது அவருக்கு.

அவள் எங்கே போயிருக்கிறாள் என்றும் தெரியும். பார்லிமென்ட் ஸ்ட்ரீட்டில் ஒரு பாங்கில் இன்டர்வியூ. லீவு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டதே அவர்தான். "ஏம்மா, இங்க என்ன குறைச்சல்?" என்று கேட்டதற்கு, "பிள்ளைகளால ஒரு குறையும் இல்ல சார்" என்று மட்டும் சொன்னாள். மிச்சத்தை அவள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இப்போது பழைய பக்கங்களைப் புரட்டினார். டிசம்பரில் பள்ளி நடந்த பதினெட்டு நாளில் பதினான்கு நாள் வலப்பக்கத்தில் அவள்தான். இப்படி ஒருத்தியை நாமே விரட்டிவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

வலப்பக்கத்தில் அவள் பெயரை அடித்துத் தன் பெயரை எழுதினார். கையெழுத்தும் போட்டார்.

ஏழு பி சந்தைக்கடையாக இருக்கும் என்று நினைத்துப் போனார். உள்ளே சாக்பீஸ் சத்தம்தான் கேட்டது. பொன்னி என்ற பெண் பலகையில் பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அடுத்துப் போட வேண்டிய பையன் பெஞ்சிலிருந்து எழுந்து பக்கத்தில் நின்றான். மற்றவர்கள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"யார் சொல்லி இதெல்லாம்?"

"டீச்சர் வரலேன்னா வரிசைப்படி நாங்களே போடணும் சார். தப்புன்னா பக்கத்துல இருக்கறவங்க சொல்லணும்."

எத்தனையோ இன்ஸ்பெக்ஷன் பார்த்தவர். இப்படி ஒரு வகுப்பை அவர் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றார். பிறகு உள்ளே போய், பலகை நிறைந்துவிட்டதால் டஸ்டரை எடுத்து இடது ஓரத்திலிருந்து அழிக்க ஆரம்பித்தார்.

"சார், அதை அழிக்காதீங்க," என்றாள் பொன்னி. "அது டீச்சர் நேத்து எழுதினது."

ஓரத்தில் ஒரு கட்டம். உள்ளே உருண்டையான எழுத்தில், 'திரும்பச் சொல்லித்தர: ஜம்பு, குஞ்சம்மாள், அந்தோணி.' கீழே, 'நாளை மறுநாள்' என்று இருந்தது.

"நாளைக்கு வந்துடுவாங்கல்ல சார்?"

பூவராகவன் குல்லாயைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, அந்தக் கட்டத்தின் கோடு கலையாமல் டஸ்டரின் நுனியால் சுற்றிச் சுற்றி அழித்தார்.