அப்பா மாதிரி வேண்டாம்

டமாரென்று தட்டு தரையில் விழுந்தது. மூன்று தேநீர் கிளாஸ்களும் சுக்குநூறாகச் சிதறின.

துன்ஜாய் செய்தது ஒன்றுமில்லை. வேலை முடிந்து வந்தான், வாசலில் ஷூவைக் கழற்றினான், சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்து "அம்மா" என்றான். அவ்வளவுதான்.

ஷுக்ரியேவுக்கு எழுபத்தொரு வயது. அந்த வயதில் அத்தனை வேகமாக நகர முடியும் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். குளிர்சாதனப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் போய் ஒண்டிக்கொண்டாள். இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டாள்.

"இதோ கொண்டு வந்துட்டேன் ரிஃபத்... தண்ணி கொதிக்க நேரமாயிடுச்சு... இதோ, இதோ..."

ரிஃபத் அவள் கணவன். இறந்து எட்டு வருடம் ஆகிறது.

பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அக்கா குல்தென் ஓடி வந்தாள். "நகருடா! அவ கண்ணுல படாதே!" என்று தம்பியை நடைப்பக்கம் தள்ளினாள். அங்கே கோட்டு மாட்டும் ஆணிகளுக்குக் கீழே நின்றபடி துன்ஜாய் எல்லாவற்றையும் கேட்டான்.

"அம்மா, அது அப்பா இல்ல. துன்ஜாய். உன் மகன்."

"துன்ஜாயா? யாரை ஏமாத்தறே? அவனுக்குத் தலை நிறைய சுருட்டை முடி. சீப்பு உள்ளே போகாது." குரல் திடீரென்று தாழ்ந்தது. "மெதுவா பேசுடி. அந்த ஆளு காதுல விழுந்தா அந்தப் பிள்ளைக்கும் சேர்த்து விழும்."

ஆணிகளுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி இருந்தது. அதில் அப்பா நின்றுகொண்டிருந்தார். இரண்டு காதுக்கும் மேலே கொஞ்சம் முடி, பின்கழுத்தில் கொஞ்சம், நடுவில் விளக்கு வெளிச்சத்தில் மின்னும் வெறும் மண்டை. துன்ஜாய்க்கு இருபத்தெட்டு வயதில் கொட்ட ஆரம்பித்தது. நாற்பத்து மூன்றில் அப்பாவின் தலையை அப்படியே எடுத்து வைத்தது போல் ஆகிவிட்டது.

அம்மாவுக்கு நினைவு மங்கத் தொடங்கி இரண்டு வருடம். முதலில் நேற்று போனது, பிறகு போன வருடம் போனது. இப்போது ஒரேயடியாக இருபத்தைந்து வருடம் கழன்று விழுந்துவிட்டது. மிஞ்சியிருப்பது ரிஃபத்தின் காலடிச் சத்தமும், சுருட்டை முடிப் பையனும்தான்.

கம்பளித் தொப்பி போட்டுப் பார்த்தான். அப்பாவும் தொப்பி போடுகிறவர் என்பது மறந்துபோயிருந்தது. அன்றைக்கு அம்மா சாப்பிடவே இல்லை. ஒரு நண்பனிடம் டோப்பா வாங்கி வைத்துக்கொண்டு வந்தான். அம்மா வெளுத்த முகத்தோடு, "யாரு முடியைப் பிடுங்கிட்டு வந்திருக்கே ரிஃபத்?" என்று கேட்டாள். குல்தென் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், துன்ஜாய் வேலை பார்ப்பதே முடி நடும் மருத்துவமனையில்தான்.

நகரத்தின் நடுவே, ஷிஷ்லியில் ஏழு மாடிக் கட்டடம். உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ வழுக்கையோடு வந்து இறங்குகிறவர்களை விமான நிலையத்திலிருந்து வேனில் ஏற்றி வருவதும், மூன்றாம் நாள் தலையில் கறுப்புப் பட்டையும் நெற்றியில் வீக்கமுமாகத் திரும்பக் கொண்டு விடுவதும் அவன் வேலை. எட்டு வருடத்தில் எத்தனை தலைகளைப் பார்த்திருப்பான் என்று அவனுக்கே தெரியாது. உனக்கும் நட்டுவிடுகிறோம், விளம்பரத்துக்கு ஆகும் என்று நிர்வாகம் பல தடவை சொல்லிப் பார்த்தது. "எனக்கு எதுக்கு? என்னை யாரு பார்க்கப் போறா?" என்று சிரித்து ஒதுக்கிவிடுவான்.

அதனால் அவன் டாக்டரிடம் நேரம் கேட்ட செய்தி தீயாய்ப் பரவிவிட்டது. பரப்பியவன் மொழிபெயர்ப்பாளன் ஸெக்கி. நான்கு மொழி பேசுவான், நான்கிலும் வாய் மூடாது.

"என்ன அண்ணே, பொண்ணு பார்த்தாச்சா? எங்களுக்கெல்லாம் காபி எப்போ?"

"போடா வேலையைப் பார்த்துட்டு."

"இல்லண்ணே, வருத்தமா இருக்கு. வேன் விளக்கு அணைஞ்சா உங்க தலையை வெளியே நீட்டி ஓட்டிக்கலாம்னு தைரியமா இருந்தோம். இனிமே என்ன செய்யறது? நேத்து அந்த இத்தாலிக்காரன் உங்களைப் பார்த்துட்டு என்கிட்ட என்ன கேட்டான் தெரியுமா? 'இவருக்கு நட்டது விளையலையா?'ன்னு கேட்டான்."

வரவேற்பில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். துன்ஜாயும் சிரித்தான். சிரித்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்த புகைப்படத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

டாக்டர் நெஜ்தெத் அறுபது வயதுக்காரர். அவர் தலையும் வழுக்கைதான். நடுவதற்கு நேரமில்லை என்பார். துன்ஜாயை உட்காரவைத்து, பின்கழுத்து முடியை லென்ஸில் வெகுநேரம் பார்த்தார்.

"பின்னாடியே கொஞ்சம்தான் இருக்கு. அதை எடுத்து முன்னாடி நட்டா, நெத்திக்கு மேல ஒரு கை அகலத்துக்கு வரும். உச்சி அப்படியேதான் இருக்கும். பரவாயில்லையா?"

"முன்னாடி வந்தா போதும் டாக்டர்."

"போட்டோ கொண்டு வந்திருக்கியா? எல்லாரும் எந்த நடிகனையாவது கொண்டு வருவாங்க. நீ யாரைக் கொண்டு வந்திருக்கே?"

துன்ஜாய் புகைப்படத்தை மேஜையில் வைத்தான். வழுக்கைத் தலையோடு, தொப்பியைக் கையில் பிடித்தபடி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் ஒருவர். டாக்டர் படத்தைப் பார்த்தார், துன்ஜாயைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இது நீதானே?"

"எங்கப்பா. இவரு மாதிரி இருக்கக் கூடாது டாக்டர். வேற எப்படி வேணா இருக்கட்டும்."

டாக்டர் லென்ஸைக் கீழே வைத்தார். அப்புறம்தான் துன்ஜாய் சொல்ல ஆரம்பித்தான். தட்டு விழுந்தது, இடுக்கு, கைகள் தலையை மூடிய விதம், எல்லாவற்றையும் சொன்னான். அப்பா அடிக்கிற அடி அடுத்த மாடி வரைக்கும் கேட்கும் என்றான். அம்மாவின் இடது கைச் சுண்டுவிரல் இன்றைக்கும் நிமிராது என்றான்.

டாக்டர் கேட்டார். "அம்மா உடம்பு எப்படி இருக்கு?"

"போன மாசம் வரைக்கும் தானா பட்டன் போட்டுக்கிட்டாங்க. இப்போ இல்ல."

"உன்கிட்ட மறைக்கக் கூடாது துன்ஜாய். இன்னிக்கு நட்டா, ஒரு மாசத்துல நட்ட முடி உதிரும். பயப்பட வேண்டாம், வேர் உள்ளே இருக்கும். நாலாவது மாசம்தான் பூனைமுடி மாதிரி தலைகாட்டும். பார்த்தா முடின்னு சொல்ல ஒரு வருஷம் ஆகும். சுருட்டையா வருமான்னும் என்னால சொல்ல முடியாது."

ஒரு வருஷம். வேனில் எத்தனையோ பேருக்கு ஸெக்கி இதையே நான்கு மொழியில் சொல்லிக் கேட்டிருக்கிறான். அவர்கள் தலையாட்டுவார்கள். அவர்களுக்கு ஒரு வருஷம் இருந்தது.

"நட்டுடுங்க டாக்டர்" என்றான்.

வீட்டில் குல்தென் பருப்பு சூப்பைக் கிண்டிக்கொண்டே கேட்டாள். "ஒரு வருஷம் கழிச்சு அவளுக்கு உன்னை மட்டுமில்ல, என்னையும் தெரியாது. யாருக்காகடா இந்தத் தலையைக் குத்திக்கப் போறே?"

"அவ கண்ணுல பயம் இல்லாம ஒரே ஒரு தடவை பாக்கணும்க்கா. ஒரு தடவை போதும்." மண்டையைத் தடவிக்கொண்டே சொன்னான்: "நானும்தான் தினம் கண்ணாடி பாக்கறேன்."

குல்தென் கரண்டியை வைத்துவிட்டு எலுமிச்சம்பழத்தை நறுக்க ஆரம்பித்தாள்.

வியாழக்கிழமை நாள் குறித்தார்கள். காலை எட்டு மணிக்கு நீல அங்கி மாட்டி உட்காரவைத்து, மிஷினால் தலை முழுக்க மழித்தார்கள். எட்டு வருடமாக அடுத்தவர்களுக்கு நடந்ததை வாசலில் நின்று பார்த்தவன், இன்று காதோர முடி மடியில் விழுவதைக் குனிந்து பார்த்தான். டாக்டர் ஊதா பேனாவால் நெற்றியில் கோடு போட்டார். ஸெக்கி கதவைத் திறந்து, "மாப்பிள்ளைக்கு என் வாழ்த்து!" என்று கத்திவிட்டு ஓடினான்.

ஊசிக்கு முன்னால் ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ் இரண்டாவது தடவை பார்த்தாள். மூன்றாவது தடவை டாக்டரே பார்த்தார்.

"நூத்தித் தொண்ணூறு. இன்னிக்கு உன்மேல கை வைக்க மாட்டேன். மாத்திரை எழுதித் தரேன். போய்த் தூங்கு. திங்கட்கிழமை வா."

"மழிச்சுட்டீங்களே டாக்டர். இப்படியே எப்படி வீட்டுக்குப் போறது? முன்னாடியாவது காதோரம் ரெண்டு முடி இருந்துச்சு."

டாக்டர் பஞ்சில் மருந்து நனைத்து, தானே அந்த ஊதாக் கோட்டைத் துடைத்துவிட்டார்.

வீடு இருக்கும் பாக்ஜிலார் வரும்வரை தலை குளிர்ந்துகொண்டே வந்தது. வீட்டு வாசலில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் நின்றான். அக்காவைக் கூப்பிட்டு, அம்மாவை உள்ளறைக்கு அழைத்துப்போகச் சொல்லலாம் என்று போனை எடுத்தான். அதற்குள் கதவு திறந்துகொண்டது.

அம்மாதான் நின்றிருந்தாள்.

துன்ஜாய் சட்டென்று ஒரு படி இறங்கினான். கைகளை, அவளுக்குத் தெரியும்படி, கீழே தொங்கவிட்டான். அம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். தலையைப் பார்த்தாள். முன்னால் வந்து இரண்டு உள்ளங்கைகளையும் அந்த மொட்டை மண்டையில் வைத்துத் தேய்த்தாள்.

"மழிச்சுட்டாங்களா என் சிங்கமே? அந்தச் சுருட்டை முடி அத்தனையும் போச்சா?"

துன்ஜாய் தலையைக் குனிந்து கொடுத்தான்.

"பட்டாளத்துல எல்லாருக்கும் இதுதான். ரெண்டு மாசத்துல வளர்ந்துடும், அழாதே. எந்த ஊருக்குப் போட்டிருக்காங்க?"

அவனுக்குப் புரிந்தது. இருபது வயதில் கட்டாய ராணுவச் சேவைக்குப் போகும் முன்தினம், தெருமுனை சலூனில் தலையை மழித்துக்கொண்டு வந்து இதே வாசலில் நின்றிருக்கிறான்.

"எர்சுரும், அம்மா" என்றான்.

"ஐயோ, குளிருமேடா! உள்ளே வா. அந்த ஆளு வர்றதுக்குள்ள சாப்பிட்டுடு."

கையைப் பிடித்து இழுத்துப் போனாள். அந்த நிமிராத சுண்டுவிரல் அவன் மணிக்கட்டில் உரசியது. ரொட்டியைப் பிய்த்து வெண்ணெய் தடவி அவன் வாயில் வைத்தாள். பாலாடைக்கட்டி வைத்தாள், மறந்துபோய் மறுபடி வைத்தாள். அவன் மென்றுகொண்டே இருந்தான். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. சமையலறை வாசலில் குல்தென் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"இனிமே மொட்டையே அடிச்சுக்கோடா" என்று கிட்டே வந்து தம்பியின் காதருகே கிசுகிசுத்தாள். "ரெண்டு நாளைக்கு ஒரு தடவை நானே மழிச்சு விடறேன். நடறதும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

அவன் போனை எடுத்து, 'திங்கட்கிழமை வரவில்லை டாக்டர், மன்னியுங்கள்' என்று எழுதி அனுப்பினான். இதற்காகவா ஒரு வருஷம் காத்திருக்க நினைத்தோம் என்று சிரிப்புக்கூட வந்தது.

அம்மா திடீரென்று எழுந்தாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"இன்னும் இருக்கும்மா."

"இல்ல, கிளம்பு. இப்பவே கிளம்பு." ஒரு ஜோடி கம்பளிக் காலுறையை அவன் கையில் திணித்து, வாசல்வரை தள்ளிக்கொண்டே வந்தாள். அவள் முகத்தில் மெல்ல மெல்ல அந்தப் பழைய பயம் ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் இப்போது அது அவனைப் பார்த்து வந்த பயமில்லை. படிக்கட்டைப் பார்த்து வந்தது.

குல்தென் ஓடிப்போய் ஒரு கூஜாவில் தண்ணீர் பிடித்து வந்து அம்மா கையில் கொடுத்தாள். தூரம் போகிற பிள்ளையின் பின்னால் வாசலில் தண்ணீர் ஊற்றாத அம்மா கிடையாது. தண்ணீர் மாதிரி தடங்கலில்லாமல் போய், தண்ணீர் மாதிரியே வீடு திரும்பட்டும் என்று ஊற்றுவார்கள்.

கூஜாவைப் பார்த்ததும் துன்ஜாய்க்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. பட்டாளத்துக்குப் போகிறவர்களை வழியனுப்பத் தெருவில் மேளம் அடித்தார்கள். கூடப் போன பையனின் அம்மா ஒரு வாளித் தண்ணீரையே கொட்டினாள். அவன் அம்மா மட்டும் வெறுங்கையோடு கதவோரம் நின்றாள். பெற்றவளுக்கு இதுகூடத் தோன்றவில்லையா என்ற கோபம் எர்சுரும்வரை கூடவே வந்தது. சேவை முடிந்தும் வீட்டுக்கு வராமல் தூரத்து ஊரான மெர்சினில் லாரி ஓட்டினான். அப்பா சாகும்வரை பதினைந்து வருடம், மாதம் ஒரு தடவை போனில் மட்டும் பேசினான்.

"ஊத்தும்மா" என்றாள் குல்தென்.

ஷுக்ரியே கூஜாவை ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் சுவரோரமாகக் கீழே வைத்தாள். மகனின் கழுத்தைப் பிடித்து இழுத்து, மொட்டைத் தலையைத் தன் தோளோடு சேர்த்துக்கொண்டு, மேல் மாடிக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னாள்:

"தண்ணி ஊத்த மாட்டேன்டா என் சிங்கமே, ஊத்தினா நீ திரும்பி வந்துடுவே... எங்கேயாவது போய் நல்லா இரு, இந்த ஆளோட அடியை நான் ஒருத்தியே வாங்கிக்கறேன்."